பூட்டின் எண்ணை மாற்றுவதா, ஆளுக்கு ஓர் எண் கொடுப்பதா?

சமையலுக்கு வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அல்லது மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். அல்லது வீட்டில் மராமத்து நடந்த சமயத்தில் கார்பெண்டரிலிருந்து பெயிண்டர் வரை எல்லாருக்கும் வாசல் எண்ணைச் சொல்லியாயிற்று. இப்போது கதவில் இருக்கும் நம்பர் லாக்கின் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றுவது ஐந்து நிமிட வேலைதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டு எல்லாருக்கும் பொதுவாக ஒரு புது எண் வைப்பதா, ஆளுக்கு ஒரு தனி எண் கொடுப்பதா, வந்துபோகிறவர்களுக்கு மட்டும் ஆப் மூலம் தற்காலிக எண் அனுப்புவதா, இல்லை எண்ணே வேண்டாம் என்று கைரேகைக்கும் கார்டுக்கும் மாறிவிடுவதா?

நான் ஆளுக்கு ஓர் எண் என்ற பக்கம். ஏன் என்று சொல்கிறேன். எந்த வீட்டுக்கு அது ஒத்துவராது என்பதையும் சொல்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் பொதுவான ஒரே எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் மறந்தால் இன்னொருவரைக் கேட்டுக்கொள்ளலாம், பூட்டில் எதையும் நிர்வகிக்க வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவர் மட்டும், வெளியாள் யாரும் தனியாக வந்து கதவைத் திறப்பதில்லை என்றால் இதுவே போதும். சிக்கல், ஒருவர் விலகும்போது ஆரம்பிக்கிறது. அவர் ஒருவருக்காக எண்ணை மாற்றினால் மற்ற எல்லாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். பள்ளிவிட்டு மூன்றரை மணிக்குத் தனியாக வரும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பழைய எண்ணே கையில் பழகிப்போன பாட்டிக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்த அலுப்பிலேயே 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வேலை தள்ளிப்போகிறது. கடைசியில் ரகசிய எண் ஊரறிந்த ரகசியமாகிவிடுகிறது.

பொது எண்ணுக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியும். ராத்திரி வராந்தா விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பூட்டின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். கண்ணாடிப் பலகை உள்ள பூட்டாக இருந்தால் நான்கு இடங்களில் மட்டும் விரல் எண்ணெய் படிந்து மங்கலாக இருக்கும். ரப்பர் பொத்தான் உள்ளதாக இருந்தால் அந்த நான்கில் மட்டும் எழுத்து தேய்ந்து, விளிம்பு பளபளப்பாகியிருக்கும். தினமும் ஒரே எண்ணை அத்தனை பேரும் அழுத்தினால் வேறென்ன ஆகும்?

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்க எண் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 வாய்ப்புகள். ஐந்து தடவை தப்பாக அழுத்தினால் மூன்று நிமிடம் முடங்கிவிடும் பூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதுவும் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் முயன்று பார்க்க 2,000 சுற்று வேண்டும். முடங்கும் நேரம் மட்டுமே 100 மணி நேரம் ஆகும். யாரும் அவ்வளவு நேரம் உங்கள் வாசலில் நிற்கப் போவதில்லை. ஆனால் எந்த நான்கு எண்கள் என்று தேய்மானம் காட்டிக்கொடுத்துவிட்டால், அந்த நான்கையும் வரிசை மாற்றிப் போட 24 வழிகள்தான். அதே பூட்டில் நான்கு முறை முடக்கம், மொத்தம் 12 நிமிடம் காத்திருந்தால் அத்தனையையும் முயன்றுவிடலாம். வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்கும் மதியத்தில் 12 நிமிடம் பெரிய விஷயமே இல்லை.

இங்கே ஒரு சின்ன வியப்பு உண்டு. நான்கு இலக்கத்தில் ஓர் இலக்கம் இரண்டு முறை வரும்படி வைத்தால், தேய்ந்து தெரிவது மூன்று பொத்தான்தான், ஆனால் வழிகள் 36 ஆகின்றன. பெரிய பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். உண்மையான வித்தியாசம் இலக்கங்களைக் கூட்டுவதில் வருகிறது. ஆறு இலக்கமாக்கி, ஆறும் வேறு வேறாக இருந்து, ஆறும் தேய்ந்து தெரிந்தால்கூட 720 வழிகள். அதே மூன்று நிமிடக் கணக்கில் ஏழு மணி நேரத்துக்கு மேல்.

இதெல்லாம் யாரும் ஊகிக்க முடியாதபடி எண்ணைத் தேர்ந்தெடுத்தால்தான். 2012இல் நிக் பெரி என்பவர் வெளியாகிவிட்ட கடவுச்சொற்களிலிருந்து நான்கு இலக்க எண்கள் 34 லட்சத்தைத் திரட்டி அலசினார். 1234 மட்டும் கிட்டத்தட்ட 11 சதவீதம், 1111 ஆறு சதவீதம், 0000 ஏறக்குறைய இரண்டு சதவீதம். மூன்றே முயற்சியில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே திறந்துவிடும். 19 என்று ஆரம்பிக்கும் பிறந்த வருடங்களும் அந்தத் தொகுப்பில் ஏராளம். நம் வீடுகளில் இதோடு வண்டி நம்பரின் கடைசி நான்கு எண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூட்டின் எண் கீழே பார்க்கிங்கில் நம்பர் பிளேட்டில் எழுதியிருக்கிறது என்றால் பூட்டு எதற்கு?

சரி, ஆளுக்கு ஓர் எண். பூட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் ஒதுக்கி, அதற்கு ஒரு கோட் பதிவு செய்வது. முதல் இடம் அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, ஐந்தாவது வேலைக்கு வரும் அக்காவுக்கு என்று. அக்கா நின்றால் ஐந்தாவதை மட்டும் அழித்தால் போதும், மற்ற யாரும் எதையும் புதிதாகப் பழக வேண்டாம். மாற்றுவது சுலபம் என்பதால் உண்மையிலேயே மாற்றுவீர்கள், அன்றைக்கே மாற்றுவீர்கள். இந்த முறையின் மொத்தப் பலனும் அதில்தான் இருக்கிறது. பலரும் பல எண்களை அழுத்துவதால் தேய்மானமும் பலகை முழுவதும் பரவிவிடுகிறது, எந்த நான்கு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் ஒரு பாதகம் உண்டு, கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. பூட்டில் எத்தனை எண்கள் வேலை செய்கின்றனவோ, குருட்டாம்போக்கில் அழுத்துகிறவருக்கு அத்தனை வாய்ப்பு. நான்கு இலக்கத்தில் பத்துப் பேருக்குப் பத்து எண் கொடுத்தால், பத்தாயிரத்தில் பத்து, அதாவது ஆயிரத்தில் ஒன்று. அதனால் ஆளுக்கு ஓர் எண் என்று முடிவு செய்தால் கூடவே ஆறு இலக்கத்துக்கும் போய்விடுங்கள். பத்து லட்சத்தில் பத்து என்பது லட்சத்தில் ஒன்று. பாட்டிக்கு ஆறு இலக்கம் கஷ்டமா? அவர் இளவயதில் இருந்த ஏதாவது ஒரு வீட்டின் கதவு எண்ணையும் தெருவின் பஸ் நம்பரையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பழைய எண்கள் பெரியவர்களுக்கு மறப்பதில்லை.

நான் இந்த வழியை விரும்புவதற்கு முக்கியமான காரணம் கணக்கு அல்ல, வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களின் மரியாதை. பொது எண் இருக்கும் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் முதலில் சந்தேகம் யார்மேல் விழும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பூட்டில் 'கதவு 11.20க்குத் திறந்தது' என்று மட்டும் பதிவாகியிருக்கும். யார் திறந்தார் என்று இருக்காது. ஏழு பேருக்குத் தெரிந்த எண்ணில், வாய் திறந்து பதில் சொல்ல முடியாத ஒருவர்மேல் பழி போய் உட்கார்ந்துகொள்ளும். தனி எண் இருந்து, பூட்டில் பதிவு வசதியும் இருந்தால், அன்று அவர் காலை 8.10க்கு வந்தார், அதற்குப் பின் அவர் எண்ணில் கதவு திறக்கவே இல்லை என்று அந்தப் பதிவே அவருக்காகப் பேசும்.

எங்கள் வீட்டில் எண் கொடுத்த அன்று அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "இந்த நம்பர் எனக்கு மட்டும்தானாம்மா? வேற யாருக்கும் தெரியாதே?" தெரியாது அக்கா, நீங்களே போடுங்கள் என்று சொல்லி, பதிவு செய்யும் இடத்தில் பூட்டை நிறுத்திவிட்டு நான் திரும்பி நின்றுகொண்டேன். அவரே அழுத்தி, அவரே உறுதிசெய்தார். எந்த எண் என்று எனக்கு இன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அவர் வந்துபோகும் நேரம் பூட்டில் பதிவாகும் என்பதை. சொல்லாமல் பதிவெடுப்பது நியாயமில்லை.

எல்லாப் பூட்டிலும் இது முடியாது. விலை குறைந்த பூட்டுகளிலும், சில பழைய கொரிய மாடல்களிலும் வீட்டாருக்கு ஒரு கோட், விருந்தாளிக்கு ஒரு கோட் என்று இரண்டுக்குத்தான் இடம் இருக்கும். அப்படிப்பட்ட பூட்டு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: வீட்டார் கைரேகைக்கும் கார்டுக்கும் போய்விடுங்கள், விருந்தாளி கோடை மட்டும் வெளியாட்களுக்குக் கொடுத்து, ஆள் மாறும்போதெல்லாம் தயங்காமல் மாற்றுங்கள். வீட்டில் யாருக்கும் அது தொந்தரவாகாது.

கைரேகையே முழுத் தீர்வு என்று விற்பவர்கள் சொல்வார்கள். சின்னவர்களுக்குச் சரிதான். வயதானவர்களுக்கு விரல் தோல் வறண்டு ரேகை மங்கியிருக்கும். பாத்திரம் துலக்குகிறவர்களுக்கும், சிமெண்ட் வேலை செய்கிறவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். மழையில் நனைந்த விரலையும் பல சென்சார்கள் ஏற்பதில்லை. ஒரே விரலை இரண்டு மூன்று தடவை பதிவு செய்து வைத்தால் கொஞ்சம் மேம்படும். ஆனாலும் இரண்டாவது வழியாக எண் இருந்தே ஆக வேண்டும். கார்டைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள்: சில பூட்டுகளில் ஒரு கார்டை மட்டும் நீக்க முடியாது. தொலைந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் அழித்து, மீதியை வரிசையாக மறுபடி காட்டிப் பதிய வேண்டும். வாங்குவதற்கு முன் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

தற்காலிக எண் என்பது வேறு தேவைக்கானது. ஏசி சர்வீஸுக்கு வருகிறவர், நாம் ஊரில் இல்லாதபோது வரும் உறவினர், நாள் வாடகைக்கு விடும் அறை ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. இன்று இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மட்டும், அல்லது வாரநாட்களில் காலை மட்டும் வேலை செய்யும் எண்ணை ஆப் உருவாக்கித் தரும். பூட்டுக்கு இணைய இணைப்பே இல்லாமலும் இது நடக்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பூட்டும் நிறுவனத்தின் சர்வரும் ஒரே ரகசியத்தையும் ஒரே கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடுகின்றன. வங்கிகள் முன்பு கொடுத்த டோக்கன் கருவிகள் எண் காட்டிய அதே வழி. சிங்கப்பூரின் இக்லூஹோம் நிறுவனம் நாள் வாடகை வீடுகளுக்கு இந்த முறையிலேயே பூட்டு தருகிறது.

ஆனால் தினசரி வீட்டு உபயோகத்துக்கு இதையே நம்புவதில் எனக்குச் சம்மதமில்லை. இணையமில்லாத பூட்டுக்குக் கொடுத்துவிட்ட எண்ணை நடுவில் ரத்து செய்ய வேண்டுமென்றால் பூட்டின் பக்கத்தில் போய் ப்ளூடூத்தில் இணைய வேண்டும், அல்லது பூட்டை இணையத்தோடு சேர்க்கும் வைஃபை கேட்வே என்ற கருவியை வாங்கி வைத்திருக்க வேண்டும். பூட்டின் கடிகாரம் தப்பினால் சரியான எண்ணும் திறக்காது. அனுப்பிய எண் வாட்ஸப்பில் கிடக்கும், ஒருவர் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்வார். எல்லாவற்றையும்விட, ஆப் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வீட்டின் உண்மையான சாவிக்காரர். வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் போனில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அப்பா அம்மா ஒவ்வொன்றுக்கும் அவன் விழிக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மற்ற எண்களைச் சேர்க்கவும் அழிக்கவும் பயன்படும் மாஸ்டர் கோட் பெற்றோர் கையிலும் இருக்கட்டும்.

பேட்டரியே இல்லாத மெக்கானிக்கல் பொத்தான் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டைமாடிக் கதவு, மழை படும் பக்கவாட்டு கேட் ஆகியவற்றுக்கு அது நல்லது. வீட்டு வாசலுக்கு வேண்டாம் என்பேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் அழுத்தும் வரிசை கணக்கே இல்லை. பத்துப் பொத்தானில் எந்த நான்கு என்பது மட்டும்தான், ஆக மொத்தம் 210 வழிகள். எண்ணை மாற்ற, பெரும்பாலும் பூட்டைக் கதவிலிருந்து கழற்றி உள்ளே இருக்கும் சின்ன உலோகத் துண்டுகளை இடம் மாற்றிப் போட வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் மாஸ்டர் கோடை முதலில் மாற்றுங்கள். பல பூட்டுகள் 123456 போன்ற எண்ணோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. பொருத்தியவர் காட்டிக் கொடுத்த எண்ணையே வருடக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. இது எவ்வளவு பரவலான ஆபத்து என்றால், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் வீட்டுப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. கலிபோர்னியாவில் 2020லிருந்தே இதையொட்டிய சட்டம் இருக்கிறது. பொருத்த வந்தவர் லிஃப்டில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை மாஸ்டர் கோடை மாற்றுவதுதான். அது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும், அதை வைத்துத் தினமும் கதவு திறக்கக் கூடாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று பலரும் கேட்கிறார்கள். கணினிக் கடவுச்சொற்களில் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் சொன்னது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிக்கொள்வார்கள். தனி எண் வைத்திருக்கும் வீட்டுக்கும் அதுவே பொருந்தும்: ஆள் விலகினால், போன் தொலைந்தால், யாரோ பின்னால் நின்று பார்த்தது போலத் தோன்றினால் மாற்றுங்கள். பொது எண்ணே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தேய்மானம் இருப்பதால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்றுங்கள் என்பேன். பேட்டரி என்றதும் இன்னொன்று: நிறுவனங்கள் சொல்லும் ஆல்கலைன் வகையையே போடுங்கள். ரீசார்ஜ் வகைக்கு மின்னழுத்தம் குறைவு. லித்தியம் வகையோ கடைசி வரை நன்றாக இருப்பது போலக் காட்டிச் சட்டென்று விழும், பூட்டு எச்சரிக்கை கொடுக்க நேரம் இருக்காது.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் மாறும்போது எண்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்காதீர்கள், முழு ரீசெட் செய்துவிடுங்கள். பழையவர்களின் கைரேகை, கார்டு, ஆப் இணைப்பு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. ஆப் கணக்கைப் பழையவர்கள் தங்கள் போனிலிருந்து நீக்கிக் கொடுத்தால்தான் சில பூட்டுகள் புதியவரை ஏற்கும் என்பதால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே அதையும் முடியுங்கள். பிறகு புதிதாக வருகிறவரையே மாஸ்டர் கோட் வைக்கச் சொல்லுங்கள். வீடு உங்களுடையது, ஆனால் அவர் குடியிருக்கும் வரை கதவு அவருடையது. மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம்கூட, வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் அவசரத்துக்கு வைத்திருக்கும் சாவியை அது தொடாது. பூட்டோடு வந்த சாவிகள் எத்தனை, இப்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் சாவி நுழையும் பகுதியான சிலிண்டரை மாற்ற முடியுமா என்று விற்றவரிடம் கேட்டு மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும் வேலையைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், சாத்திவிட்டு அல்ல. கதவு அசையாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுங்கள். மாடலுக்கு மாடல் வழி மாறும். சிலவற்றில் உள்பக்க பேட்டரி மூடியைக் கழற்றினால் சின்ன பதிவுப் பொத்தான் தெரியும், சிலவற்றில் மாஸ்டர் கோடை அழுத்தி மெனுவுக்குள் போக வேண்டும். புது எண்ணைப் போட்டு உறுதிசெய்த பின், திறந்த கதவிலேயே தாழை வெளியே தள்ளிவிட்டு, வெளியில் நின்று எண்ணை அழுத்துங்கள். தாழ் முழுதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். கூட ஒருவர் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் பழைய எண்ணையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது இன்னும் திறந்தால், நீங்கள் மாற்றவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். மறுபடி மெனுவுக்குப் போய் அழித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.